யார் செய்ததுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

கோலாலம்பூர் போய் வந்தவர் வீட்டு ஃபிரிட்ஜில் இரட்டைக் கோபுரம் ஒட்டியிருக்கும். பாங்காக் என்றால் யானை. துபாய் என்றால் ஒட்டகம். மூன்றையும் பிடுங்கித் திருப்பிப் பாருங்க. பின்னால் அதே கறுப்புக் காந்தம், அதே பசை. முன்னால் ஊர்ப் பெயர் மட்டும்தான் வேறு. இதற்கா அரைத் தூக்கத்தில் ஏர்போர்ட்டுக்கு ஓடி, பெல்ட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, இமிக்ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்றோம்?

சீனாவில் செஜியாங் மாகாணத்தில் இயூ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள மொத்த விலைச் சந்தையில் 75,000க்கு மேல் கடைகள். ஊசி, பாசி, பொம்மை, கிறிஸ்துமஸ் தோரணம் எல்லாம் கன்டெய்னர் கன்டெய்னராகக் கிளம்புகிற ஊர். எந்த ஊர்ப் பெயர் வேண்டுமோ அதைப் பொறித்து சாவிக்கொத்தும் காந்தமும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். மலேசியக் கடைக்காரர் ஒரு பெட்டி இறக்குகிறார், தாய்லாந்துக் கடைக்காரர் ஒரு பெட்டி இறக்குகிறார். நாம் இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்துப் போய் அதை வாங்கிக்கொண்டு வருகிறோம். வயிறு எரிகிறதா இல்லையா?

வெளிநாடு போனால் நாலு பேருக்கு நாலு பொருள் வாங்கி வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருச்சிப் பக்கம், டெல்டா பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மலாயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருத்தர் வந்து இறங்கினால் தெருவே மணக்கும். கோடாலித் தைலம், டைகர் பாம், சென்ட் பாட்டில், நைலக்ஸ் சேலை, பிஸ்கட் டின். அந்தப் பிஸ்கட் தீர்ந்த பிறகும் டின் இருபது வருஷம் பொத்தானும் ஊசி நூலும் போட்டு வைக்க உழைக்கும். ஏன் அவ்வளவு மரியாதை? இங்கே கிடைக்காது. கிடைத்தால் மெட்ராஸ் பர்மா பஜாரில் கிடைக்கும், அதுவும் டூப்ளிகேட்டா அசலா என்று தெரியாது. இன்றைக்கு? கோடாலித் தைலம் ஆன்லைனில் இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வருகிறது. பிஸ்கட்டும் சாக்லேட்டும் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த மண்ணில், அந்த மனுஷர்கள், தங்கள் கையால் செய்கிற பொருள். அதைத்தான் நம் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்கள். என் ஆதங்கம் அவ்வளவும் இதுதான்.

குடும்பத்தோடு மலேசியாவுக்குப் பேக்கேஜ் டூரில் போயிருந்தோம். பத்துமலையில் பஸ் நின்றது. 140 அடி முருகன் தங்கமாக நிற்கிறார். பின்னால் 272 படி, வானவில் மாதிரி வர்ணம் அடித்தது. எங்கள் குழுவில் முழங்கால் வலிக்காரர்கள் பாதிப் பேர். ஏறி, மூச்சு வாங்கி, உள்ளே கும்பிட்டு, குரங்கிடமிருந்து கைப்பையைக் காப்பாற்றி இறங்க வேண்டாமா? "அக்கா, முக்கால் மணி நேரம்தான், லேட் ஆயிடும் லா" என்று கைடு தம்பி அவசரப்படுத்துகிறார். என் நாத்தனார் பாதிப் படியோடு திரும்பிவிட்டார். திருச்சியிலிருந்து அவர் கிளம்பி வந்ததே அந்த முருகனைப் பார்க்கத்தான். கீழே நின்று, மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லேட் ஆகிறது, சரி. எதற்கு? சாக்லேட் கடைக்கு.

உள்ளே நுழையும்போதே சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். எந்தக் குழு, எந்தக் கைடு என்று அடையாளம். எவ்வளவு விற்றதோ அதற்குத் தகுந்த கமிஷன் போய்ச் சேர வேண்டுமே. டுரியான் சாக்லேட், மிளகாய் சாக்லேட், தொங்கத் அலி மூலிகை சாக்லேட் என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டு வாயில் திணிக்கிறார்கள். வெளியே போகிற வழி கேஷ் கவுன்டர் வழியாக மட்டும்தான். எனக்கு வேண்டாம், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பஸ் கதவு பூட்டியிருக்கிறது. டிரைவரைக் காணோம். வெயிலில் நில், இல்லை உள்ளே போய் வாங்கு. முருகனுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தவர்கள் இந்தக் கடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு மறுபடி தொண்டை அடைக்கிறது.

கைடு தம்பியைத் திட்டி என்ன பயன்? அவர் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். நல்ல பையன், என் மாமியாரைக் கைபிடித்து இறக்கிவிட்டவர். டூர் விற்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் விலையில் வெட்டிக்கொள்கிறார்கள். அவரைவிட ஆயிரம் ரூபாய் கம்மி, இவரைவிட ஐந்நூறு கம்மி. அந்தக் காசுக்கு ஹோட்டலும் சாப்பாடும் பஸ்ஸும் கட்டுபடியாகாது. பள்ளத்தை எங்கே நிரப்புவது? கடைக் கமிஷனில். ஆகவே எந்தக் கடை கமிஷன் கொடுக்கிறதோ அங்கேதான் பஸ் நிற்கும். நல்ல பொருள் எங்கே கிடைக்கும் என்று இந்தக் கணக்கில் யாரும் கேட்பதே இல்லை.

அடுத்தது பாத்திக் கடை. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பாத்திக் துணி எப்படிச் செய்வார்கள் தெரியுமா? மலேசியாவில் கிளந்தான், திரெங்கானு பக்கம் இன்றைக்கும் செய்கிறார்கள். வெள்ளைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். தேன்மெழுகு, பாரஃபின், பிசின் எல்லாம் உருக்கிக் கலந்து, சந்திங் என்கிற கருவியில் எடுத்துக்கொள்வார்கள். மரப்பிடி, முனையில் செம்பில் சின்னக் கிண்ணம், அதில் மெல்லிய மூக்கு. சூடான மெழுகு அந்த மூக்கு வழியாக இறங்க இறங்கப் பூவும் கொடியும் வரைவார்கள். கை நின்றால் சொட்டிவிடும், ஆறினால் கோடு அறுந்துவிடும். மெழுகுக் கோட்டுக்குள் தூரிகையால் சாயம் நிரப்புவார்கள். மெழுகு வேலியாக நின்று சாயம் ஒழுகாமல் தடுக்கும். பிறகு சாயத்தை நிலைக்க வைத்து, கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்தால், மெழுகு ஓடிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். சாயம் நூலுக்குள்ளேயே இறங்குவதால் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம். எந்த இரண்டு துணியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது.

கடையில் அந்தப் பெண் நீலத்தில் ஒரு சரோங் விரித்தார். "ஹேண்ட்மேட் அக்கா, கிளந்தான் பாத்திக், கையால வரைஞ்சது." நான் ஓரத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெளுத்துப்போன சாம்பல் நிறம். சாயம் மேலாக நின்றுவிட்டது. பக்கத்தில் இன்னொரு சரோங், அதே பூ, அதே இதழில் அதே இடத்தில் அதே சின்னப் பிசிறு. அடுத்ததிலும் அதே பிசிறு. எந்தக் கைவேலைக்காரர் இப்படி வரைவார்? மெஷினில் அச்சடித்த துணி.

அச்சடித்த துணி என்று சொல்லி விற்கட்டுமே! நானே இரண்டு வாங்கியிருப்பேன். வீட்டில் கட்டிக்கொள்ள சுகமான துணி, முப்பது வெள்ளி (அதாவது ரிங்கிட்), இரண்டு வருஷம் உழைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அதைக் கையால் வரைந்தது என்று சொல்லி எண்பது கேட்டால் அடி வாங்குகிறவர் யார்? நான் மட்டுமா? கிளந்தானில் மெழுகுச் சட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவும்தான். அவர் வரைந்த பட்டுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி சொன்னால், "அங்கே ஹேண்ட்மேடே எண்பதுக்குக் கொடுக்கிறான், நீ ஏன் இவ்வளவு சொல்றே" என்று நாம்தானே கேட்கப்போகிறோம்? அவர் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வருவானா? பொய் சொல்லி விற்கிற ஒவ்வொரு துணியும் அவர் வயிற்றில் அடிக்கிறது.

"இது யார்மா செஞ்சது? எந்த ஊர், எந்தப் பட்டறை?" என்று கேட்டேன். அந்தப் பெண் முழித்தார். "தெரியாதுக்கா. பாஸ்தான் கொண்டாந்து போடுறாரு. யாரும் கேட்டதில்ல." அவர் சொன்னதில் பொய்யில்லை. யாரும் கேட்பதில்லைதான். அது எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட் சந்தை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போலி வாட்ச், போலி ஹேண்ட்பேக், போலி டி-ஷர்ட். ஒரு பர்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள். 120 என்று சொன்னதை நாம் நகர்ந்ததும் 40 என்கிறார்கள். நாற்பதுக்குக் கொடுக்கக்கூடிய பொருளை 120 என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? பேரம் நமக்குப் புதிதில்லை. பாண்டி பஜாரில் பேசாத பேரமா? ஆனால் அங்கே நாளைக்கும் அதே கடைக்கு வருவேன் என்று கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே இவள் இனி வரவே போவதில்லை, கறந்த வரைக்கும் லாபம்.

சென்ட்ரல் மார்க்கெட் என்கிற பசார் செனிக்கு ஆசை ஆசையாகப் போனேன். 1888இல் தொடங்கிய சந்தை அது. மீன், கறி, காய்கறி விற்ற இடம். இப்போது நிற்கிற நீல நிறக் கட்டடம் 1937இல் கட்டியது. 1980களில் இடிக்கப் பார்த்தார்கள், பாரம்பரியம் பேசுகிறவர்கள் போராடிக் காப்பாற்றினார்கள், கைவினைச் சந்தையாக மாற்றினார்கள். கூரையை அண்ணாந்து பார்த்தால் மனசு நிறைகிறது. அப்படிப் போராடிக் காப்பாற்றிய கட்டடத்துக்குள் கண்ணைத் திறந்து தேடினால்தான் நல்லது கிடைக்கும். ஓவியர் ஒருத்தர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார், ஒரு மூலையில் அசல் பிரம்புக் கூடை இருக்கும். அதற்கு முன்னால் எத்தனை காந்தம், எத்தனை சாவிக்கொத்து, எத்தனை ‘ஐ லவ் கேஎல்’ பனியன்களைத் தாண்ட வேண்டும்! அதற்குள் இந்திய வீதி என்று ஒரு வரிசை. காஷ்மீர் ஷால், பித்தளைப் பிள்ளையார், ஜெய்ப்பூர் பை. நாலு மணி நேரம் பறந்து போய் நம்ம ஊர்ப் பையை நானே வெள்ளி கொடுத்து வாங்கி, மறுபடி லக்கேஜில் எடை போட்டு எடுத்து வர வேண்டும்!

மாலுக்குப் போனால் இன்னொரு கஷ்டம். இரட்டைக் கோபுரத்தின் காலடியில் 1998இல் திறந்த பெரிய மால், பளபளவென்று இருக்கிறது, ஏசி சுகம், டாய்லெட் சுத்தம். ஆனால் கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டே போங்க. ஸாரா மாதிரிப் பெயர்கள். நம்ம சென்னை வேளச்சேரி மாலில் இருக்கிற கடைகளே. கோபுரம் 452 மீட்டர், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது. கீழே குனிந்தால் வேளச்சேரி. அந்த நாட்டுக்காரர் பெயர் சொல்லும் பொருளுக்கு அங்கே எத்தனை சதுர அடி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்க.

இன்னொரு மாலில், பெயர் வேண்டாம், கார்டைக் கொடுத்தேன். மெஷினில் இரண்டு வரி வருகிறது. ஒன்றில் ரிங்கிட், இன்னொன்றில் ரூபாய். எந்தப் பணத்தில் கட்டுகிறாய் என்று என்னைத்தான் கேட்கிறது மெஷின். கேஷியர் பெண் என்னைக் கேட்காமலே ரூபாயை அமுக்கிவிட்டார். "ஈசி மேடம், யுவர் மணி." என் பணம்தான், அதனால்தானே என்னைக் கேட்க வேண்டும்? ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர்கள் வைப்பார்கள். பேங்க் வைக்கிற விகிதத்தைவிட அது பெரும்பாலும் மோசம், நூற்றுக்கு நாலைந்து ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். தேர்ந்தெடுக்கிற உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் விதி. கேன்சல் பண்ணி ரிங்கிட்டில் போடுங்க என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நூறு ரூபாய் விஷயத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். நூறு ரூபாயா விஷயம்? ஒரு நாளைக்கு அந்தக் கவுன்டரில் எத்தனை வெளியூர்க்காரர்கள் வந்துபோவார்கள், கணக்குப் போட்டுப் பாருங்க.

கைவேலைக்கு மரியாதை கொடுக்க முடியாத நாடா அது? அப்படிச் சொன்னால் பாவம். கோலாலம்பூரே வெள்ளீயச் சுரங்கத்தால் பிறந்த ஊர். 1885இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் இன்றைக்கும் வெள்ளீயத்தை வைத்து பியூட்டர் பொருள்கள் செய்கிறது. அவர்கள் கூடத்துக்குப் போனால் ஊற்றுவதையும் தட்டுவதையும் மெருகேற்றுவதையும் கண்ணால் பார்க்கலாம். ஜரிகை இழைத்த சொங்கெட் துணி 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஜாலான் கான்லேயில் கிராஃப்ட் காம்ப்ளெக்ஸ் என்று அரசே நடத்தும் இடம் இருக்கிறது. அதே ஊரில்தான் இருக்கிறது, எட்டாத தூரமில்லை. எங்கள் பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஓய்வு என்று போட்டிருந்தார்கள். நான் டாக்சி பிடித்து அந்தக் கிராஃப்ட் காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். லாபு சாயோங் என்று ஒரு மண் குடுவை வாங்கினேன். பேராக்கில் குவாலா கங்சார் பக்கம், சாயோங் கிராமத்தில் செய்வது. சுரைக்காய் வடிவம், கறுகறுவென்று. அந்தக் கறுப்பு பெயின்ட் இல்லை. சூளையில் சுட்டுச் சூடு ஆறுவதற்கு முன்னால் நெல் உமியில் புதைக்கிறார்கள், புகை ஏறிக் கறுத்துப்போகிறது. தண்ணீர் ஊற்றி வைத்தால் நம்ம மண்பானை மாதிரி ஜில்லென்று இருக்கும். உமியில் புதைத்த கதையை அங்கிருந்தவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து, கையால் ஜாடை காட்டிச் சொன்னார். ஒரு பொருளைப் பற்றி அந்தப் பயணம் முழுக்க எனக்கு யாராவது எதையாவது சொன்னது அங்கே மட்டும்தான். அங்கே நல்ல பாத்திக்கும் இருந்தது. ஓரத்தைத் திருப்பினால் இரண்டு பக்கமும் ஒரே நிறம். விலையும் அதற்கேற்ற விலை. மனசாரக் கொடுத்தேன்.

சாயங்காலம் கைடு தம்பியிடம் குடுவையைக் காட்டினேன். "அட, நம்ம பாட்டி வீட்டுல இருந்துச்சு அக்கா" என்று கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "அங்கே ஏன் தம்பி எங்களைக் கூட்டிட்டுப் போகலை?" தலையைச் சொறிந்தார். "லிஸ்டுல இல்லக்கா. லிஸ்டு உங்க ஊர்ல போடுறது."

அதுதான் எனக்குச் சுட்டது. லிஸ்ட் நம்ம ஊரில் போடுவது. பத்துமலைக்கு எவ்வளவு நேரம், சாக்லேட் கடைக்கு எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் நம்ம ஊர் ஆபீசில் உட்கார்ந்து நம்மாட்களே பேசி முடிக்கிறார்கள்.

ஊர் வந்ததும் வாட்ஸ்ஆப்பில் ஃபீட்பேக் ஃபார்ம் வந்தது. ஹோட்டலுக்கு எத்தனை ஸ்டார், சாப்பாட்டுக்கு எத்தனை ஸ்டார். கடைகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கீழே இருந்த காலிக் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். நாத்தனார் பாதிப் படியில் திரும்பியது, பூட்டிய பஸ், பின்பக்கம் வெளுத்த துணி, எதையும் விடவில்லை. மறுநாள் பதில் வந்தது. "மேடம், ஷாப்பிங் ஸ்டாப்ஸ் எல்லாம் காம்ப்ளிமென்டரி. கட்டாயம் வாங்கணும்னு இல்லையே."

கட்டாயம் இல்லையென்றால் பஸ்ஸை ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டேன். அந்தக் கடைகளை எடுத்துவிட்டு, கோயிலில் இரண்டு மணி நேரமும் கான்லேயில் ஒரு மணி நேரமும் கொடுத்தால் தலைக்கு எவ்வளவு கூட ஆகும், சொல்லுங்க, கட்டுகிறேன், எங்கள் குழுவில் இன்னும் சில பேர் கட்டத் தயார் என்றும் எழுதியிருக்கிறேன். தொகையை மட்டும் இன்னும் சொல்லவில்லை.